மாதிரியுருவும் மனச்சான்றும்

ஓமந்தைப் பகுதிக் கமக்காரர் ஒருவரிடம், காலபோக அறுவடை முடிந்த கையோடு நெல்லின் விலை ஏன் வீழ்கின்றது என வினவினால், அவர் வியாபாரியைக் குற்றஞ் சாட்டுவார். வியாபாரியைக் கேட்டால், ஆலைக்காரர் கூடிய விலை தருவதில்லை என்பார். ஆலைக்காரரோ வங்கி வட்டியையும், அரசாங்கம் எந்நேரமும் திறந்துவிடக்கூடிய அரிசி இறக்குமதியையும் சுட்டிக்காட்டுவார். கொள்வனவு அதிகாரியை அணுகினால், ஈரப்பதன் கூடிய நெல்லை ஏற்க விதிமுறை இடந்தரவில்லை என்னும் விடை கிடைக்கும். நால்வர் கூற்றிலும் உண்மை உண்டு. நால்வரும் தத்தம் நிலையில் நின்று பெரும்பாலும் நியாயமாகவே நடந்துகொள்கின்றனர். ஆயினும் நால்வரின் நியாயங்களும் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் ஓர் அநியாயத்தை விளைவிக்கின்றன. இவ்வநியாயத்துக்குப் பொறுப்பாளி யார்?

இது பொருளியல் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் ஓர் அறவியல் வினாவேயாகும். சிக்கலான வணிக முறைமைகளை மாதிரியுருவாக்கி, அவற்றின் இயக்கத்தைத் தாளிலோ கணினியிலோ போலச்செய்து பார்க்கும் கலை, இன்று வணிகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது. அக்கலை மேற்கூறிய வினாவுக்குத் தனக்கேயுரிய ஒரு விடையைத் தருகின்றது. அவ்விடை எவ்வளவு தூரம் ஏற்புடையது, அதைக் கற்பவன்மீது அது எத்தகைய கடமையைச் சுமத்துகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பு தரும் விடை

இக்கலையின் முன்னோடிகளுள் முதன்மையானவர் ஜே ஃபொறெஸ்ரர் (1918-2016). அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கால்நடைப் பண்ணையொன்றில் வளர்ந்த அவர், மின்பொறியியல் கற்று, கணினி ஆக்கத்தில் புகழ் ஈட்டிய பின்னர், 1956இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் முகாமைத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் ஜெனரல் எலெக்றிக் கொம்பனியினர் ஒரு புதிரோடு தடுமாறிக்கொண்டிருந்தனர். கென்ரக்கியில் இருந்த அவர்களது வீட்டுப் பொருள் தொழிற்சாலைகள் சில ஆண்டுகளில் இரவும் பகலும் இயங்கின. வேறு சில ஆண்டுகளில் தொழிலாளரிற் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டியிருந்தது. நாட்டின் வணிகச் சுழற்சியே இதற்குக் காரணம் எனக் கூறி அமைவது எளிது. ஃபொறெஸ்ரர் அவ்வாறு அமையவில்லை. கையிருப்பைப் பார்த்து எப்போது ஆட்களைச் சேர்க்கிறீர்கள், எப்போது நிறுத்துகிறீர்கள் என முகாமையாளரிடம் கேட்டறிந்தார். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் பென்சிலால் கையிருப்பு, தொழிலாளர் தொகை, கட்டளைகள் என நிரல்கள் வரைந்து, வாரவாரமாகக் கணக்கிட்டுச் சென்றார். வெளியிலிருந்து வரும் கேள்வி மாறாது நின்றபோதும், அவர்கள் கைக்கொண்ட விதிகளே அந்த ஏற்றவிறக்கத்தைத் தோற்றுவிக்கும் என்பது அக்கணக்கில் வெளிப்பட்டது. இவ்வழியில் வளர்ந்த சிந்தனையே 1961இல் வெளிவந்த 'தொழிற்றுறை இயக்கவியல்' என்ற நூலாக உருப்பெற்றது.

இச்சிந்தனையின் அடிப்படைக் கருத்துக்கள் சிலவே. இருப்பு, பாய்ச்சல், பின்னூட்டல், தாமதம் என்பன அவை. வன்னி மண்ணில் வாழ்பவனுக்கு இவை அந்நியமானவை அல்ல. குளத்து நீர் ஓர் இருப்பு. மழையும் ஓடையும் உட்பாய்ச்சல். துருசு வழியே செல்லும் நீரும், வான் பாய்வதும், வெயில் குடிப்பதும் வெளிப்பாய்ச்சல். நீர்மட்டத்தைப் பார்த்துத் துருசைத் திறப்பதும் மூடுவதும் பின்னூட்டல். காட்டில் பெய்த மழை குளத்தை வந்தடைய எடுக்கும் நேரம் தாமதம். கடைக்காரனின் களஞ்சியமும் ஒரு குளமே. வங்கிக் கடனும் வேறொரு வகைக் குளமே. ஒரு குளத்தின் போக்கை மனக்கணக்கால் அறியலாம். ஒன்றன் வான் மற்றொன்றுக்கு வரத்தாக அமையும் பத்துக் குளங்களின் போக்கை அவ்வாறு அறிதல் அரிது. மாதிரியுரு வேண்டப்படுவது அவ்விடத்திலேயே.

இக்கருத்துக்களை மாணவர்க்கு உணர்த்துவதற்கு 1960களில் அந்நிறுவகத்தில் ஒரு விளையாட்டு உருவாக்கப்பட்டது. பியர் விநியோக விளையாட்டு என்பது அதன் பெயர். சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகத்தர், தொழிற்சாலையினர் என நால்வர் வரிசையாக அமர்வர். ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளவரின் கட்டளையை மட்டுமே காண்பர். கட்டளை மேலே செல்லவும் பொருள் கீழே வரவும் வாரங்கள் செல்லும். வாடிக்கையாளர் வாரத்துக்கு நான்கு பெட்டி கேட்பர். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டுப் பெட்டி. அதன்பின் இறுதிவரை மாற்றமே இல்லை. ஓமந்தைச் சந்தியிலுள்ள கடையையும், வவுனியா மொத்த வியாபாரியையும், கொழும்புப் புறக்கோட்டையையும், அதற்கப்பாலுள்ள தொழிற்சாலையையும் இந்நால்வரின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கடையில் சரக்குக் குறைகின்றது. கடைக்காரர் சற்றுக் கூட்டிக் கேட்கின்றார். வரத் தாமதமாகவே இன்னுங் கூட்டிக் கேட்கின்றார். மேலுள்ளவர் அதனைக் கேள்வியின் பெருக்கம் எனக் கருதித் தாமும் கூட்டுகின்றார். கடைசியில் எல்லோர் களஞ்சியமும் ஒருங்கே நிரம்பி வழிகின்றது. ஜோன் ஸ்ரேர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடியோர் சுமந்த செலவு உகந்த செலவைப்போல் சராசரியாகப் பத்து மடங்காய் இருந்தமை காட்டப்பட்டது. விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பழிப்பதும், வாடிக்கையாளரின் கேள்வி அலைபாய்ந்ததென்றே எண்ணுவதும் வழக்கம். கேள்வி ஒருமுறை மட்டுமே மாறியது என்பதை அறியும்போது வகுப்பில் அமைதி நிலவும்.

இலங்கையர் இவ்விளையாட்டை 2022இல் வாழ்க்கையிலேயே ஆடினர். டொலர் பற்றாக்குறையால் எரிபொருள் உண்மையாகவே குறைந்திருந்தது. ஆயின் வரிசையைக் கண்டு வரிசை வளர்ந்தது. அரைத் தாங்கியோடு ஓடிய வாகனங்கள் நிறைதாங்கியோடு ஓடத் தலைப்பட்டன. நாளை கிடையாதென்ற அச்சமே இன்றைய கேள்வியாக மாறிற்று. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்து, தனக்குரிய அளவு எவ்வாறாயினும் கிடைக்கும் என்ற உறுதி பிறந்தபின் வரிசைகள் குறுகின. மக்களின் ஒழுக்கம் ஒரே மாதத்தில் உயர்ந்துவிட்டது என எவரும் கூறார். அமைப்பு மாறியது, நடத்தையும் மாறியது.

எனவே இக்கலை தரும் விடை இதுவாகும்: குற்றவாளியைத் தேடாதே, அமைப்பைத் தேடு.

பொறுப்பு எங்கே செல்கின்றது?

இவ்விடையில் ஒரு பெருந்தன்மை உண்டு. வியாபாரி கொடியவன், கமக்காரன் சோம்பேறி, கடைக்காரன் பதுக்கற்காரன் என்னும் பழிச்சொற்களிலிருந்து அது நம்மை விடுவிக்கின்றது. ஓர் இனத்தையோ வகுப்பையோ சுட்டி விலையேற்றத்துக்குக் காரணம் காட்டும் இழிவான பழக்கத்துக்கு இதனினும் சிறந்த மருந்தில்லை. ஆயின் அதே விடையில் ஓர் ஆபத்தும் உறைகின்றது. எல்லாம் அமைப்பின் விளைவே எனின், எவரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். பண்டு ஊழ்வினையின்மேற் சுமத்தியதை இன்று முறைமையின்மேற் சுமத்திவிட்டு, நாம் ஆறுதலாக உறங்கலாம்.

இவ்வாபத்தைத் தவிர்க்கும் வழி யாது? அமைப்பு என்பது மழையும் வெயிலும் போன்றதன்று. அது மனிதர் வகுத்த விதிகளாலும், மனிதர் விட்ட தாமதங்களாலும், யாருக்கு எந்தத் தகவல் தெரியவேண்டும் என மனிதர் செய்த தீர்மானங்களாலும் ஆனது. நெல் விலையையே மீண்டும் நோக்குவோம். முன்னர் அருவி வெட்டும் சூடு மிதிப்பும் பல வாரங்கள் நீண்டன. நெல்லும் சிறிது சிறிதாகச் சந்தைக்கு வந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு பிரதேசத்தின் வயல்களைச் சில நாட்களில் வெட்டி முடிக்கின்றது. ஈர நெல் மூடை மூடையாக ஒரே வேளையில் வெளிவருகின்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான நெற் சந்தைப்படுத்தும் சபை, ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்கே உத்தரவாத விலை தரும். உலரவிடத் தளமில்லாதவர் வீதியோரத்தில் பரப்புவர். அதற்கும் வழியில்லாதவர், பசளைக் கடன் காத்துநிற்க, வயல் வரம்பிலேயே விற்றுவிடுவர். இதில் எவரும் தீயவரல்லர். ஆயினும் உலர்த்தும் தளமும் களஞ்சியமும் இல்லாமை, கடன் தீர்க்கும் தவணை அறுவடை நாளோடு ஒட்டி நிற்றல், கொள்வனவு பிந்தித் தொடங்குதல் ஆகிய மூன்றும் மனிதராற் செய்யப்பட்டவை, மனிதரால் மாற்றப்படக்கூடியவை.

ஆகவே பொறுப்பு மறைவதில்லை. அது இடம் மாறுகின்றது. அடுத்த வயலைக் காணவும் அவகாசமற்ற கமக்காரனிலும் பார்க்க, முழுமையையும் காணும் வாய்ப்புப் பெற்றவன் கூடிய பொறுப்பாளி. பார்வையும் அதிகாரமும் எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவுக்குப் பொறுப்பும் விரிகின்றது. அறியாது செய்த தவறும், அறிந்தும் திருத்தாது விட்ட தவறும் ஒரு தராசில் நிறுக்கப்படுவன அல்ல. மாதிரியுரு அமைக்கக் கற்ற மாணவன், கற்ற அன்றே அறியாமை என்னும் விலக்கை இழந்துவிடுகின்றான்.

போலச்செய்தலின் அறப்பெறுமதியும் இங்கேயே உள்ளது. திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டிருப்பது, செயலுக்கு முன் அதன் விளைவை எண்ணிப்பார்த்தல் நம் மரபில் அறமாகவே கொள்ளப்பட்டதைக் காட்டும். 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த இரசாயனப் பசளை இறக்குமதித் தடையை எண்ணிப்பார்க்கலாம். சேதனப் பசளையின் நன்மை பற்றிய விவாதம் வேறு. ஒரே போகத்தில் நாடு முழுவதையும் அதற்கு மாற்றினால் விளைச்சலுக்கும், அரிசி விலைக்கும், இறக்குமதிச் செலவுக்கும் என்ன நிகழும் என்பது தாளிலே பரீட்சித்துப் பார்த்திருக்கக்கூடிய வினா. அது வயல்களிலே பரீட்சிக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகம் விதைத்தாயிற்று. தாளில் நிகழும் தோல்விக்கு அழிப்பான் போதும். வயலில் நிகழும் தோல்விக்கு ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதும் செலவாகின்றது. பிறர் வாழ்வைப் பரீட்சைக்களமாக்குவதற்கு முன் தன் கணக்கைப் பரீட்சித்துக்கொள்ளல், திறமை சார்ந்த விடயம் மாத்திரமன்று, கடமையுமாகும்.

மூன்று வினாக்கள்

ஆயின் தாளில் எழுதும் கணக்கே மனிதரை மறைக்கும் திரையாகவும் அமையலாம். மாதிரியுரு எப்போதும் உண்மையின் சுருக்கமே. எதையேனும் விடாமற் சுருக்க முடியாது. எதை விடுவது என்பதில்தான் அறம் குறுக்கிடுகின்றது. இது தொடர்பாக மாணவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் மூன்று எனலாம். வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதியில் அமைந்த ஓமந்தை என்னும் இச்சிற்றூரின் அண்மைக்கால வரலாறே மூன்றுக்கும் உதாரணம் தருகின்றது.

முதல் வினா: நான் மாறிலி எனக் கொண்டது உண்மையில் எவரோ ஒருவரின் தீர்மானம் அல்லவா? 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதிலிருந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது வரை, ஓமந்தை இரு ஆட்சிப் பரப்புகளுக்கிடையே வாயிலாக இருந்தது. ஓமந்தையில் இராணுவத்தினர் லொறிகளின் பொருட்களை இறக்கிச் சோதித்தனர். வடக்கே புளியங்குளத்தில் விடுதலைப் புலிகள் வரி அறவிட்டனர். வடக்கு நோக்கிச் சென்ற ஒரு மூடைச் சீமெந்தின் விலையில் இவ்விரண்டும் அடங்கியிருந்தன. நிரம்பற் சங்கிலியை வரையும் ஒருவர் இவற்றைத் 'தாமதம்' எனவும் 'மேலதிகச் செலவு' எனவும் இரண்டு எண்களாக எழுதிவிடலாம். கணக்குச் சரியாகவே வரும். ஆனால் மலையையும் ஆற்றையும் போல அவ்வெண்கள் இயற்கையாக நிற்பன அல்ல. அவற்றின் பின்னால் ஆணையிட்ட மனிதர் இருந்தனர். தீர்மானத்தை இயற்கையாக எழுதிவிடும் மாதிரியுரு, கேட்கப்படவேண்டிய வினாவைக் கேட்கவிடாமற் செய்துவிடுகின்றது.

இரண்டாம் வினா: என் தொடக்கப் பெறுமானத்தை யார் தந்தார்? எத்துணை நுண்ணிய சமன்பாடும் தொடக்க எண் பிழைத்தால் பிழைத்துவிடும். 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய பின்னர், உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடரணிகள் ஓமந்தை ஊடாக வன்னிக்குள் உணவு கொண்டுசென்றன. உணவின் அளவு மக்கள் தொகையைப் பொறுத்தது. 2009 பெப்ரவரியில் அரசாங்கம் கூறிய தொகை 70,000 அளவில் இருந்தது. அவ்விடத்திலிருந்தே பணியாற்றிய உள்ளூர் நிர்வாக அதிகாரிகள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாகக் கணக்கிட்டனர். போர் முடிந்த மே மாத இறுதியில் முகாம்களில் இருந்தோர் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். அவர்களிற் பெருந்தொகையினர் ஓமந்தைச் சோதனை நிலையத்தினூடாகவே வந்தனர். குறைத்துக் கணிக்கப்பட்ட தொகை உணவும் மருந்தும் குறைவாகச் செல்வதற்கு வழிசெய்தது என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்துள்ளது. ஓர் எண்ணுக்கும் மற்றோர் எண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு கணக்கியற் பிழையாக நின்றுவிடவில்லை. அது கஞ்சிக்கு வரிசையில் நின்ற குழந்தைகளாக இருந்தது. எண்ணப்படாதவன் முறைமைக்குள் இல்லாதவன். இல்லாதவனுக்கு எந்தச் சமன்பாடும் உணவு அனுப்பாது.

வணிகம் பயில்வோர், இது போர்க்காலத்துச் செய்தி, நமக்கு இதனோடு தொடர்பில்லை எனக் கருதலாகாது. வாடிக்கையாளர், பயனாளிகள், கடன்பெறுவோர் என எவரைக் கணக்கிடும்போதும் அதே தவறு சிறிய அளவில் நிகழக் காத்திருக்கின்றது. பதிவேட்டில் இல்லாத குத்தகைக் கமக்காரனும், கணவன் பெயரிலுள்ள காணியில் உழைக்கும் விதவையும், நாட்கூலிக்கு மூடை சுமப்பவனும் நம் மாதிரியுருக்களில் எத்தனை முறை தோன்றியிருக்கின்றனர்?

மூன்றாம் வினா: எவருடைய நன்மையை நான் குறிக்கோளாகக் கொண்டேன்? 2016இல் வடமாகாணத்துக்குரிய பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்னும் விவாதம் அரசியல்வாதிகளையும், வியாபாரிகளையும், கமக்காரர் அமைப்புகளையும் பிரித்துவைத்தது. 1999இல் தம்புள்ளையில் தொடங்கிய மத்திய நிலையத்துக்கு வடக்கின் மரக்கறி சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்கின் கடைகளுக்கே வருவதும் உண்டு என்ற நிலையில், இத்தகைய சந்தை ஒன்று வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. நகர வியாபாரியின் வசதியைக் குறிக்கோளாகக் கொண்டால் நகரை ஒட்டிய தாண்டிக்குளம் சிறக்கும். வடக்கேயுள்ள உற்பத்தியாளனின் பயணத்தைக் குறைப்பது குறிக்கோளாயின் ஓமந்தை சிறக்கும். அதே தரவு, அதே மாதிரியுரு; குறிக்கோள் மாறின் விடையும் மாறும். விவாதம் இடத்தைப் பற்றியே நிகழ்ந்தது. குறிக்கோளைப் பற்றி மிகச் சிலரே பேசினர். இறுதியில் வவுனியாவில் மதவுவைத்தகுளத்திலும், மாங்குளத்திலுமாக இரு நிலையங்கள் என இணக்கம் காணப்பட்டது. மதவுவைத்தகுளத்தில் எழுந்த கட்டடம், கட்டி முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்காகத் திறக்கப்படாது கிடந்தது. எல்லோரையும் ஒருவாறு அமைதிப்படுத்துவதே குறிக்கோளாகும்போது, கமக்காரனின் மரக்கறிக் கூடை கணக்கில் இடம்பெறுவதில்லை.

குளக்கட்டுக் கூட்டம்

இவ்வினாக்களுக்கு மாதிரியுரு அமைப்பவன் தனித்து இருந்து விடை காண இயலுமா? இயலாது என்பதே எமது கருத்து. அவன் நேர்மையாளனாக இருந்தாலும் தன் கண்ணுக்கு எட்டாததைக் காணமாட்டான். இவ்விடத்தில் வன்னியின் பழைய வழக்கம் ஒன்று நமக்கு வழிகாட்டுகின்றது. போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, எத்தனை ஏக்கருக்கு அது போதும், எந்நாளில் துருசு திறப்பது என்பன அங்கே பேசித் தீர்மானிக்கப்படும். நீர் குறைந்த ஆண்டில், குளத்தின் கீழுள்ள நிலத்தில் ஒரு பகுதியை மாத்திரம் சிறுபோகத்துக்குத் தெரிந்து, அதனைக் காணிக்காரர் தம்முட் பங்கிட்டுச் செய்வதும் உண்டு. முன்னாளில் வட்ட விதானையாரும், இன்று கமக்கார அமைப்பினரும் அதிகாரிகளும் இதனை நடத்துவர். நுணுகி நோக்கின், இதுவும் போலச்செய்தலே. வரப்போகும் நான்கு மாதங்களை ஒரு பிற்பகலில் மனத்தால் ஓட்டிப் பார்க்கின்றனர். ஆனால் கணினி அறையில் இல்லாத ஒன்று அங்கே உண்டு: வாய்க்காலின் கடைசிக் காணிக்காரன் அக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றான். "உங்கள் கணக்கின்படி நீர் என் வயலுக்கு வந்து சேராது" என எழுந்து சொல்ல அவனுக்கு வாய் உண்டு.

இவ்வழக்கத்தை மிகைப்படுத்திப் போற்றுதலும் தவறாகும். செல்வாக்குள்ளோர் குரல் அங்கேயும் ஓங்கி ஒலித்ததுண்டு. காணியற்றவனுக்கு அங்கே இடமிருக்கவில்லை. எனினும் கணக்கிடப்படுபவன் கணக்கை வினவலாம் என்ற தத்துவம் அதில் அடங்கியுள்ளது. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற ஜெர்மனிய மெய்யியலாளர் கான்றின் அறக்கொள்கைக்கு, வணிக மாதிரியுருத் துறையில் நாம் கொடுக்கக்கூடிய நடைமுறைப் பொருள் இதுவே: ஒருவனை மாறியாக எழுதுமுன், அவன் அந்த மாதிரியுருவை வாசித்து மறுக்க வழிசெய்க.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஓமந்தைக்கு அணித்தே, பம்பைமடுவில் அமைந்த அப்பல்கலைக்கழகத்திலும், ஏனைய பல்கலைக்கழகங்களிலும் வணிகம் கற்போர் இக்கலையை இன்னும் ஆழமாகக் கற்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. கல்லாமையால் வந்த கேட்டை நாம் போதியளவு கண்டாயிற்று. ஆயின் கற்கும் முறையில் ஒரு சிறு சேர்க்கை வேண்டும். மாணவன் தன் மாதிரியுருவைத் தேர்வாளரிடம் ஒப்படைக்குமுன், அம்மாதிரியுருவில் இடம்பெறும் மனிதர் ஒருவரிடமேனும், ஒரு கடைக்காரரிடமோ, லொறிச் சாரதியிடமோ, நெல் விற்ற பெண் ஒருவரிடமோ, அதைத் தமிழில் விளக்கிக் காட்டுதல் வேண்டும். அவர் தலையசைத்தால் அது முற்றும் மெய்யாகிவிடாது. அவர் தலையை மறுத்து ஆட்டினால், எங்கோ ஓர் எண் யாரோ ஒருவரை மறைத்து நிற்கின்றது என்பது தெளிவு.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். நெல் விலை வீழ்ச்சிக்குக் கமக்காரனோ, வியாபாரியோ, ஆலைக்காரனோ, அதிகாரியோ தனித்துக் குற்றவாளியல்லன். அவர்களை இணைக்கும் அமைப்பே அதற்குக் காரணம். அவ்வமைப்பை அறிந்தவர்கள் அதற்குப் பொறுப்பாளிகள். அறியும் வாய்ப்பைப் பொதுமக்களின் வரிப்பணத்திற் பெற்ற நாம் அவர்களில் முதல்வரிசையில் நிற்கின்றோம்.